கோடு பார்ப்பதற்கு முன்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை, லேப்காரன். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த ஊர்ச் சோதனைக்கூடங்களில் மற்றவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை, வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

ஒருநாள் விடிகாலை, காபிக்கு முன்பே போன் சிணுங்கியது. எதிர்வீட்டுப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வாஷ்பேசின் ஓரத்தில் கர்ப்பச் சோதனைப் பட்டை, மேலே மஞ்சள் பல்பு வெளிச்சம். கீழே ஒரு வரி: "அங்கிள், ரெண்டாவது கோடு தெரியுதா?" இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு மாதிரியும் இருந்தது, நிழல் மாதிரியும் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "எனக்குத் தெரியுதே" என்றாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டெஸ்ட் எப்போ பண்ணினீங்கம்மா, போட்டோ எப்போ எடுத்தீங்க?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரவு பத்து மணிக்குச் சோதித்திருக்கிறாள். ஒரே கோடு. குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். விடிகாலையில் மனசு கேட்காமல் எடுத்துப் பார்த்தால் இன்னொரு கோடு மாதிரி ஏதோ தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தைத்தான் எனக்கு அனுப்பியிருந்தாள்.

இன்றைய பேச்சு முழுவதும் நான் திருப்பிக் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றித்தான். வீட்டிலேயே செய்யும் சோதனைகளும் அவற்றைப் படம்பிடித்துப் படிக்கும் போன்களும் பெருகிவரும் காலம் இது. போன் நோயைக் கண்டுபிடித்துவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாம்பிள் வாயைத் திறக்கும் தகுதியோடு இருக்கிறதா என்று போனால் பார்க்க முடியுமா? இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் தொழிலில் இதுதான் முதல் கேள்வி.

கண்ணாடிக் கலமும் ஒரு முகூர்த்தமும்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு: நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டில் பாதிக்கு மேல் கண்ணின் வேலை. மூத்திரத்தைப் பார்ப்பதற்கென்றே தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் இருக்கின்றன. நிறம், எடை, மணம், நுரை, குறைவு என்று ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி. பிறகு ஒரு துளி நல்லெண்ணெய் விட வேண்டும். அது பாம்பாக நீண்டால் வாதம், வளையமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பது நெய்க்குறி. இதை மேடைகளில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தக் குறிகள் நோயைச் சரியாகச் சொல்லுமா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது அதற்கு முன்னால் வரும் பகுதி. சோதனைக்கு உள்ளாகிறவர் முதல்நாள் குறையாமலும் மிகாமலும், வேளை தவறாமல் உண்ண வேண்டும். நன்றாக உறங்கி எழ வேண்டும். விடியலில் கண்ணாடிக் கலத்தில் பிடிக்க வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மூன்றே முக்கால் நாழிகை ஒரு முகூர்த்தம் என்று கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரம். சிறுநீரைக் குளிரில் வைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்கிறது இன்றைய லேப் கையேடு.

உணவு, நேரம், கலம், கெடு ஆகிய நான்கையும் முடித்த பிறகுதான் நிறத்துக்கு வருகிறது அந்த முறை. மண்கலத்தில் பிடித்திருந்தால் நிறம் தெரியாது, நேற்றுப் பிடித்திருந்தால் நிறமே வேறு. சொன்னவருக்கு இது தெரிந்திருக்கிறது.

ஜன்னல் ஓரத்து வேலை

லேப்புக்குள் வந்தால், பெரிய மெஷின்களுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை நடக்கும். டெக்னீஷியன் ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நொடி தூக்கிப் பார்ப்பார். மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் உள்ளே போகும். சிவந்திருந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருக்கும். அந்த சாம்பிளை ஓட்டினால் நன்றாக இருக்கும் ஆளுக்குப் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் வரும். பால்போல் வெளுத்திருந்தால் கொழுப்பு, அடர்மஞ்சளாக இருந்தால் பிலிருபின். "சாம்பிள் சரியில்லை, ரிப்பீட்" என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவோம். நோயாளிகள் எங்களைத் திட்டுவது அப்போதுதான். நாங்கள் சரியாக வேலை செய்வதும் அப்போதுதான். லேப் முடிவுகளில் நேரும் பிழைகளில் பாதியளவோ அதற்கு மேலோ சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நேர்ந்துவிடுபவை என்று இந்தத் துறையின் ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த ஊரில் இதற்கு நல்ல மரபு உண்டு. பெல்லாரி ரோட்டில் 1959இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தை அறிவீர்கள். நாட்டின் காசநோய்த் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டத்தின் சளிப் பரிசோதனைப் படிவத்தில் கிருமி இருக்கிறதா இல்லையா என்ற கட்டத்தோடு, சளி பார்வைக்கு எப்படி இருந்தது என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது: கெட்டிச் சளியா, ரத்தம் கலந்ததா, வெறும் எச்சிலா? எச்சிலைக் கொடுத்துவிட்டுக் கிருமி இல்லை என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறவர் தெருவுக்கே இருமுவார். அதைத் தடுக்கத்தான் அந்த ஒரு கட்டம்.

இன்னொன்று. 1980களில் கர்நாடகத்தில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைப் பிறவி வளர்சிதைக் கோளாறுகளுக்காகச் சோதித்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த என். அப்பாஜி ராவ் முதலியோரின் பணி அது. முடிவுகள் 1988இல் வெளியாயின. இத்தகைய சோதனைக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் வடிதாளில் ஊறி உலர வேண்டும். அட்டையில் அச்சிட்ட வட்டம் நிறைந்திருக்க வேண்டும், பின்பக்கம் வரை ஊறியிருக்க வேண்டும், சொட்டின் மேல் சொட்டு விழுந்திருக்கக் கூடாது. இதைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டியதில்லை, பழகிய கண் போதும். ஆனால் அட்டை லேப்புக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தக் கண் படுவதால் பயன் குறைவு. அதற்குள் தாயும் சேயும் ஊருக்குப் போயிருப்பார்கள். குத்திய இடத்திலேயே, குத்திய நிமிடத்திலேயே அது பட வேண்டும். போனுக்கான இடம் இங்கேதான் திறக்கிறது.

வீட்டுக்கு வந்த சோதனை

1956இல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதியர் சர்க்கரையைக் காட்டும் காகிதப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் விட்டுக் கொதிக்கவைத்து, நீலம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பாட்டன்மார் அதற்கும் முன்னால் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தார்கள். பட்டை வந்ததும் அடுப்பும் போயிற்று, எறும்பும் போயிற்று.

1967இல் நியூஜெர்சியில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வரைகலைஞர் மார்கரெட் கிரேன், கர்ப்பச் சோதனைக் குழாய்கள் ஒரு கண்ணாடிமேல் வரிசையாக நிற்பதைக் கண்டார். குழாயின் அடியில் தோன்றும் சிவப்பு வளையத்தைக் கீழிருந்த கண்ணாடி காட்டியது. இதை வீட்டிலேயே பெண்கள் செய்துகொள்ளலாமே என்று தோன்ற, ஒரு சிறு டப்பாவில் குழாயையும் கண்ணாடியையும் அடக்கினார். 1971இல் கனடாவில் விற்பனைக்கு வந்தது. தேரையருக்குக் கண்ணாடிக் கலம், கிரேனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, நமக்கு போன் காமிரா. மூன்றும் கண்ணுக்குக் கொடுத்த ஊன்றுகோல்கள்தான்.

நம் ஊரில் வீட்டுச் சோதனையும் போனும் சட்டப்படி கைகோத்தது கோவிட் காலத்தில். 2021 மே 19 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வீட்டுச் சோதனைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. புனேயின் மைலேப் தயாரித்த கோவிசெல்ஃப் கிட், அப்போது விலை 250 ரூபாய். மூக்கில் குச்சி விட்டு, திரவத்தில் கலக்கி, பட்டையில் சொட்ட வேண்டும். 15 நிமிடத்தில் பார்க்கலாம், 20 நிமிடம் தாண்டினால் பார்க்கக் கூடாது. அதற்கான செயலியில் பதிவு செய்த அதே போனில் பட்டையைப் படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும், பாசிட்டிவ் வந்தால் மறுசோதனை வேண்டாம் என்றது வழிகாட்டுதல். இது ஏன்? பட்டையில் சி என்று ஒரு கோடு, டி என்று ஒரு கோடு. சி வராவிட்டால் சோதனையே செல்லாது. ஆனால் சி வந்துவிட்டால் என்ன தெரியும்? திரவம் பட்டையில் ஓடியது என்று தெரியும். குச்சி மூக்கில் போதுமான ஆழம் போனதா என்று தெரியாது. அதை எந்தப் படமும் காட்டாது. சாம்பிளின் தகுதியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பாதி, தெரியாதது மறு பாதி. நெகட்டிவை நம்பாதே என்று சொன்னவர்கள் அந்த மறு பாதியை நினைத்துச் சொன்னார்கள்.

போனின் கண் எப்படிப்பட்டது

திருச்சியில் பிறந்து, 1933இல் பெங்களூர் வந்து, இங்கேயே வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன் தம் கடைசி ஆண்டுகளில் பூக்களின் நிறத்தையும் மனிதக் கண்ணையும் ஆராய்ந்தார். பார்வையின் உடலியங்கியல் பற்றி 1968இல் ஒரு நூலே வெளியிட்டார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர், நிறம் என்றால் என்ன என்று முதுமையிலும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே நமக்குப் பாடம். நிறம் பொருளில் மட்டும் இல்லை. வெளிச்சத்தில் இருக்கிறது, பார்க்கிற கருவியிலும் இருக்கிறது.

வெள்ளை வேட்டி டியூப்லைட்டிலும் வெள்ளை, மாலை வெயிலிலும் வெள்ளை. நம் மூளை வெளிச்சத்தைக் கழித்துவிட்டுக் காட்டுகிறது. போனும் அப்படிக் கழிக்கப் பார்க்கிறது, ஆனால் ஊகத்தில் கழிக்கிறது. மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த பட்டை ஒரு போனில் பச்சையாகும், இன்னொரு போனில் பழுப்பாகும். இதோடு போன் காமிராவுக்கு ஓர் இயல்பு உண்டு: அது படத்தை அழகாக்கப் பிறந்தது. மங்கலான புள்ளியைத் துடைக்கும், விளிம்பைக் கூர்மையாக்கும், இருட்டில் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும். கல்யாண போட்டோவுக்கு அது வரம். மெல்லிய கோடு ஒன்று உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது, துடைப்பதும் கூராக்குவதும் சாட்சியைக் கலைப்பதாகும்.

இதற்கு மாற்று என்ன? நிறம் தெரிந்த கட்டங்கள் அச்சிட்ட அட்டையைப் பட்டையின் பக்கத்தில் வைத்துப் படமெடுப்பது. சாம்பல் கட்டம் மஞ்சளாகத் தெரிந்தால் வெளிச்சம் எவ்வளவு மஞ்சள் என்று செயலிக்குத் தெரிந்துவிடும், அவ்வளவையும் கழித்துவிடும். அட்டையின் மூலைக்குறிகள் கோணத்தைச் சொல்லும். பளபளப்பு விழுந்திருந்தால், கை நடுங்கியிருந்தால், நிழல் பாதியை மறைத்திருந்தால் செயலி முடிவு சொல்லாமல் "மறுபடி எடு" என்று கேட்கும். நேரத்தையும் அதுவே எண்ணும். சிறுநீர்ப் பட்டையில் இது முக்கியம்: சர்க்கரைக் கட்டத்தை 30 நொடியில் பார்க்க வேண்டும், புரதத்தை 60 நொடியில், வெள்ளணுவை இரண்டு நிமிடத்தில். பத்துக் கட்டத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிறவர் பாதியைத் தவறான நேரத்தில் பார்க்கிறார்.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் நம்மவரும் உண்டு. மும்பையின் பயோசென்ஸ் நிறுவனம் யூசெக் என்ற செயலியைச் செய்தது. ஐபோனால் சிறுநீர்ப் பட்டையைப் படிப்பது அது. 2013 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடமிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பட்டைகளைக் கண்ணால் பார்க்கத்தான் அனுமதி உண்டு, போனால் படிக்கிறீர்கள் என்றால் பட்டையும் போனும் சேர்ந்து ஒரு புதிய சோதனை, அதற்கான அனுமதி எங்கே என்று கேட்டது கடிதம். சிலர் இதை அதிகாரிகளின் முட்டுக்கட்டை என்றார்கள். லேப்காரனுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. கண் மாறினால் சோதனை மாறுகிறது. ஐந்தாண்டு கழித்து 2018இல் இஸ்ரேலின் ஹெல்தி.ஐஓ நிறுவனம், நிற அட்டையோடு கூடிய சிறுநீர்ச் சோதனைக்கு அதே நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. இந்தியாவிலும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் மென்பொருளும் வந்துவிட்டது.

பட்டு நூலும் ரத்தப் பூச்சும்

பெங்களூரில் நடந்த இரண்டு முயற்சிகளைச் சொல்லாமல் போக மனமில்லை. அச்சிரா லேப்ஸைச் சேர்ந்த தனஞ்சய தெந்துகுரியும் அவருடைய குழுவினரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதனைப் பட்டையைப் பட்டு நூலால் நெய்வது! நோயைக் காட்டும் வேதிப்பொருளில் தோய்த்த நூலை மற்ற நூலோடு தறியில் ஏற்றினால், நெய்து வரும் துணியே சோதனைப் பட்டை. பட்டுக்குப் பேர்போன மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடையாது.

இன்னொன்று 2015இல் தொடங்கிய சிக்டபிள். கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை மெஷினே படமெடுத்து, அணுக்களை வகைபிரித்து, நோயியல் மருத்துவரின் திரைக்கு அனுப்புகிறது. கடைசிச் சொல் மருத்துவருடையது. ரத்தப் பூச்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூச்சு தடித்துப்போனால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எவ்வளவு கெட்டிக்காரக் கண்ணாலும் எண்ண முடியாது. மெஷினுக்கும் அதே விதிதான்.

வாசல்காரன் மிஞ்சினால்

சாம்பிளுக்கு ஒரு வாசல்காரன் வேண்டும் என்கிறேன். ஆனால் வாசல்காரன் ரொம்பக் கறாராக இருந்தால் என்ன ஆகும்? இதற்குத் தாய்லாந்தில் ஒரு பாடம் கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படங்களைப் படிக்கும் மென்பொருளை கூகுள் உருவாக்கியது. 2016இல் அந்த ஆய்வு வெளியானது. அதைப் பழக்கிய படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நம் ஊர் நாராயண நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. பிறகு தாய்லாந்துக் கிளினிக்குகளில் அதை இறக்கினார்கள். முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று மென்பொருள் திருப்பித் தள்ளியது. அறை இருட்டாக இல்லை, படம் மங்கல். தள்ளப்பட்டவர்களை வேறிடத்து நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணில் ஒன்றும் இல்லாதவருக்கும் ஒரு நாள் கூலி போகும். செவிலியர் சலித்துப்போனார்கள்.

"ரிப்பீட்" என்ற சொல்லுக்கு விலை உண்டு. எங்கள் லேப்பில் அந்த விலையை நாங்கள் கொடுக்கவில்லை, நோயாளி கொடுத்தார். ஆகவே நல்ல வாசல்காரன் தள்ளுவதோடு நிற்கக் கூடாது. ஏன் தள்ளினேன், என்ன செய்தால் உள்ளே விடுவேன் என்று அந்த நிமிடமே சொல்ல வேண்டும். "ஜன்னல் பக்கம் வந்து எடுங்கள்", "வட்டம் நிறையவில்லை, அடுத்த வட்டத்தில் புதிதாகச் சொட்டு விடுங்கள்" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டும். குத்திய இடம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்துக் கூரியரில் வந்த அட்டையைப் பார்த்து லேப்காரன் சொல்ல முடியாததை, போன் மூன்று நொடியில் சொல்ல முடியும். இதற்கு நோயறியும் ஞானம் தேவையில்லை. வட்டம் நிறைந்ததா என்று பார்க்கும் கண் இருந்தால் போதும்.

இன்னொரு பயன், சாட்சி. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டாலில் களப்பணியாளர்கள் எடுத்த 11,374 எச்ஐவி பட்டைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கிய ஆய்வு 2021இல் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பட்டையைப் பார்த்தவர் சரியாகத்தான் படித்தாரா என்று பின்னால் இருந்து பார்க்க முன்பு வழியில்லை. பட்டை குப்பைக்குப் போய்விடும். இப்போது படம் மிஞ்சுகிறது.

படம் மிஞ்சுகிறது என்பதே பயமும் ஆகும். குழாயைக் கழுவினால் சாம்பிள் போயிற்று, படத்தைக் கழுவ முடியாது. அதில் நேரமும் இடமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கர்ப்பமோ எச்ஐவியோ யார் போனில், யார் சர்வரில் கிடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2023இல் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டத்துக்கு முன்னாலும் ஒரு லேப் ஒழுக்கம் இருந்தது: குழாயில் எண் இருக்கும், வாயில் பெயர் வராது.

முடிவாக

எதிர்வீட்டுப் பெண்ணிடம் வருகிறேன். பட்டையில் உண்மையான கோடு இளஞ்சிவப்பாக இருக்கும். கர்ப்ப ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வரும் நுண் தங்கத் துகள்கள் அங்கே சேர்வதால் அந்த நிறம். நேரம் கடந்து ஈரம் உலர்ந்தால், துகளே சேராத இடத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் தெரியும். படத்தில் சிவப்பா சாம்பலா என்று மஞ்சள் பல்பு சொல்ல விடவில்லை. மணி மட்டும் சொன்னது. "இரண்டு நாள் விட்டு, காலையில் எழுந்ததும் முதல் நீரில் பாருங்கம்மா. ஜன்னல் பக்கம் வைங்க. அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுங்க, திரும்ப எடுக்காதீங்க" என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை படம் வந்தது. ஜன்னல் திண்டில் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன்மேல் பட்டை. பட்டைக்குப் பக்கத்தில், கேட்காமலேயே, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தாள்.

எத்தனை கோடு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது அவர்கள் வீட்டுச் செய்தி. ஆனால் முப்பத்தைந்து ஆண்டில் என் கைக்கு வந்த நல்ல சாம்பிள்களில் அதுவும் ஒன்று.